தாய்ப்பலகையும் குற்றவாளிக் கூண்டும்

பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாமே கணினி அசெம்பிள் செய்யும் பழக்கமுள்ளவர்கள், என்றேனும் ஒருநாள் செத்துப்போன மதர்போர்டு ஒன்றைக் கையில் ஏந்திக் கடை மேசையின் முன் நின்றிருப்பார்கள். பில் இருக்கும். அட்டைப்பெட்டி இருக்கும். வாரண்டிக் காலமும் மிச்சமிருக்கும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

“நீங்களே மாட்டினீங்களா சார்? அதான்.”

“இந்த ரேட்டுக்கு இவ்வளவுதான் சார் வரும். கொஞ்சம் மேல போட்டிருக்கலாம்.”

“உங்க வீட்டு கரண்ட் சரியில்ல சார்.”

இம்மூன்றும் விசாரணைக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட தீர்ப்புகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். சில வேளைகளில் அவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கக்கூடும். அப்போதும் அது தற்செயலான உண்மைதான். ஏனெனில் எவரும் எதையும் சோதித்துப் பார்த்து அந்த முடிவுக்கு வருவதில்லை. கடைக்காரரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர் தமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதைத் திருப்பிச் சொல்கிறார். சொல்லிக் கொடுத்தவர்கள் வெகுதொலைவில், பாதுகாப்பாக, வண்ண விளக்குகள் பதித்த அடுத்த மாடலை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். தொண்ணூறுகளின் பிற்பகுதி தொடங்கித் தமிழில் வந்த சிற்றிதழ்கள் பலவும் யாரோ ஒரு நண்பரின் வீட்டு அறையில், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பாகங்களால் அமைந்த ஒரு கணினியில், பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவையே. பிராண்டு முத்திரை தாங்கிய கணினியை வாங்கும் வசதி அன்று நம்மில் பலருக்கு இருந்ததில்லை. அசெம்பிள் செய்யப்பட்ட அந்த எளிய பெட்டிதான் கையெழுத்துப் பிரதிக்கும் அச்சகத்துக்கும் இடையே பாலமாக இருந்தது. இன்றும் சிற்றூர்க் கல்லூரியின் தமிழ்த்துறையிலோ சிறு பதிப்பகத்தின் பின்னறையிலோ ஓடிக்கொண்டிருப்பது அதன் வாரிசுதான். ஆகவே அந்தப் பெட்டியின் முதுகெலும்பு எதனால் முறிகிறது, முறிந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது நம் கவலையும்தான்.

மதர்போர்டு என்பதைத் தாய்ப்பலகை என்று நம்மவர்கள் மொழிபெயர்த்தார்கள். பொருத்தமான பெயர். ப்ராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் என எல்லாவற்றையும் மடியில் ஏந்திக்கொண்டு அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி ஊட்டுவது அதுவே. எஸ்.எம்.பி.எஸ். தருவது 12 வோல்ட். இன்றைய ப்ராசசருக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1 வோல்ட். ஆனால் 100 ஆம்பியருக்கு மேலும் அது கேட்கக்கூடும். கையளவு இடத்தில் அடுக்கப்பட்ட மாஸ்ஃபெட்டுகளும் சுருள்களும் கெபாசிட்டர்களும் இந்த மாற்றத்தை நொடிக்குப் பல லட்சம் முறை செய்துகொண்டிருக்கின்றன. இங்கே ஒரு சிறு பிசகு நேர்ந்தாலும் கணினி காரணமின்றி அணையும், நீலத்திரை காட்டும், கோப்புகளைச் சிதைக்கும். பார்ப்பவருக்கு ராம் கெட்டதுபோலவும் டிஸ்க் கெட்டதுபோலவும் தோன்றும்.

கொடுமை இங்குதான் தொடங்குகிறது. ராம் பழுதா என்று அறிய வேறொரு ராமைச் செருகிப் பார்த்துவிடலாம். டிஸ்க்கை இன்னொரு கணினியில் மாட்டிப் பார்த்துவிடலாம். மதர்போர்டு பழுதா என்றறிய இன்னொரு மதர்போர்டு வேண்டும். எந்த வீட்டில் இரண்டு இருக்கிறது? தவறு செய்யும் வாய்ப்பு மிகுந்த பாகமே தவற்றை மற்றவர்மேல் சுமத்தும் வாய்ப்பும் மிகுந்ததாக அமைந்துவிட்டது. அதைத் தயாரிப்பவர்களும் அதன் குணத்தையே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம்: நாமே மாட்டியதால் கெட்டது, பிராண்டு கணினி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை கணினி உலகைப் பீடித்த கெபாசிட்டர் கொள்ளைநோயை நம்மில் பலர் பெயர் தெரியாமலே அனுபவித்திருக்கிறோம். பலகையில் நிற்கும் சிறு உருளைகளின் தட்டையான உச்சி பூரிபோல் உப்பும். பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். கணினி ஒருநாள் எழாது. உருளைக்குள் இருந்த நீர் கலந்த மின்பகுபொருளின் சேர்மானம் தவறாக இருந்தது. அதனால் உள்ளே வாயு திரண்டு உருளையைப் பிளந்தது. தைவானில் ஒரு வேதிச் சூத்திரம் அரைகுறையாகத் திருடப்பட்டதன் விளைவு இது என்று அன்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்பட்டது. கதை எப்படியாயினும், உப்பிய உருளைகள் உண்மை.

இந்நோய் தெருமுனையில் அசெம்பிள் செய்த கணினிகளை மட்டும் பிடித்ததா? டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்றவற்றுள் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இத்தகைய பழுதுக்கு ஆளாகும் நிலையில் இருந்தன என்பது பின்னாளில் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. பழுதுகளைச் சீர்செய்ய அந்நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. ஆவணங்கள் குறித்து 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அதில் ஒரு செய்தி எனக்கு மறக்க முடியாதது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத்துறையில் கணினிகள் அடுத்தடுத்துச் செத்தபோது, நிறுவனத்தின் தரப்பில் கண்டறிந்த காரணம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போடச் சொல்லிக் கணினிகளை அளவுக்கு மீறி வருத்திவிட்டார்களாம்!

கணிதத்துறையினர் கணினியில் கணக்குப் போட்டது குற்றமென்றால், தமிழ்த்துறையினர் தட்டச்சு செய்வதும் ஒருநாள் குற்றமாகலாம். நகைப்பு ஒருபுறமிருக்க, இதிலிருந்து நாம் பெற வேண்டிய செய்தி தெளிவானது. அந்தக் கணினிகளைப் பூட்டியவர்கள் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றவர்கள். நிலைமின்சாரம் தாக்காதபடி மணிக்கட்டில் பட்டை கட்டியவர்கள். வாங்கியது ஒரு பெரும் பல்கலைக்கழகம். அப்படியிருந்தும் பழி வாங்கியவர்மேல்தான் விழுந்தது. ஆகவே “நீங்களே மாட்டினீங்களா” என்ற கேள்விக்கும் மாட்டியது யார் என்பதற்கும் தொடர்பில்லை. பழியை எங்கே இறக்கி வைக்கலாம் என்று தேடும் கேள்வி அது.

இரண்டாம் தீர்ப்பு: மலிவாக வாங்கினால் மலிவாகத்தான் இருக்கும்.

விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் மதர்போர்டு விலையேறும்போது எது ஏறுகிறது என்று பாருங்கள். வானவில் நிறங்களில் ஒளிரும் விளக்குகள் ஏறுகின்றன. உலோகக் கவசங்கள் ஏறுகின்றன. பெயர்களோ முழுக்கப் போர்க்களத்திலிருந்து வருகின்றன: கவச வாகனத்தின் பெயர், வீரனின் பெயர், வெட்டரிவாளின் பெயர். புறத்திணையின் துறைகளுக்கெல்லாம் ஒரு மாடல் கிடைத்துவிடும்போல. வாங்குபவர் அறிய வேண்டிய செய்தியோ அட்டைப்பெட்டியில் இருப்பதில்லை. இந்த மாடலில் 100 பலகைகள் விற்றால் மூன்றாண்டுகளில் எத்தனை திரும்பி வருகின்றன என்ற ஒற்றை எண்ணை, நானறிந்தவரை, எந்தத் தயாரிப்பாளரும் தானே முன்வந்து அச்சிட்டதில்லை.

விலையுயர்ந்த பலகை காக்கும் என்பதற்கு 2021 டிசம்பரில் ஒரு பதில் கிடைத்தது. ஏசுஸ் நிறுவனத்தின் மேக்ஸிமஸ் இஸட்690 ஹீரோ என்ற பலகை, ஏறத்தாழ 600 டாலர் விலையில் விற்றது. வாங்கியவர்கள் சிலரின் பலகைகள் ராம் அருகே கருகின. காரணம், ஒரு கெபாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. பலகையின் படங்களை உற்றுநோக்கி அந்த உருளை திரும்பியிருப்பதைச் சுட்டிக்காட்டியவர்கள் பயனர்களே. நிறுவனம் ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் மாணவர் ஒருவர் செய்முறைத் தேர்வில் கெபாசிட்டரைத் தலைகீழாகப் பொருத்தினால் மதிப்பெண் போய்விடும். 600 டாலர் பலகை தரச்சோதனைகளைத் தாண்டி அட்டைப்பெட்டிக்குள் போய், கடல் கடந்து, ஒருவர் வீட்டில் புகைந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அதைவிட மலிவான பலகை வாங்கியவரைப் பார்த்து “கொஞ்சம் மேல போட்டிருக்கலாம்” என்று சொல்லும் உரிமை இத்துறைக்கு இல்லை.

விலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு தந்திரமும் உண்டு. அட்டைப்பெட்டியில் ராமின் வேகம் பெரிய எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்தில் மிகச் சிறியதாக ஓ.சி. என்று இரண்டெழுத்து. ஓவர்கிளாக் என்பதன் சுருக்கம். ஓவர்கிளாக் செய்து நேரும் பழுதுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பது இத்துறையின் வாரண்டித் தாள்களில் பழகிப்போன வாசகம். விற்கும்போது வேகம், கெடும்போது விதிமீறல். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைக்காது.

மூன்றாம் தீர்ப்பு: உங்கள் வீட்டு மின்சாரம்.

இதில் உண்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் நில இணைப்பு சரியாக இல்லாத வீடுகள் ஏராளம். 2008-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில், மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் கணம்தான் கணினிகளுக்கு எமனாக இருந்தது. கேபினட்டோடு இலவசம்போல் வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டியிருக்கும் 450 வாட் என்ற தாளைப் பலரும் நம்பிவிடுகிறோம். உள்ளே இருப்பதோ அதில் பாதியைத் தாங்கினாலே அதிசயம். தூசி, கடற்காற்றின் உப்பு, சூட்டுக்கு ஒதுங்கும் பல்லி என மற்ற காரணங்களும் இருக்கின்றன. இவற்றால் மதர்போர்டு சாவதுண்டு.

அப்படியானால் சோதித்துச் சொல்லுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை. ஏனென்றால் வீட்டு மின்சாரம் எவ்விதத்திலும் காரணமாக முடியாத மரணங்களும் இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம், அம்மாதத் தொடக்கத்தில்தான் சந்தைக்கு வந்திருந்த 6 வரிசை சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருப்பதாகத் தானே அறிவித்தது. டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா வாயில்களில் சில, நாளாக ஆக நலிந்துபோகும். அதைச் சரிசெய்யவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர் ஆகும் என்று நிறுவனமே மதிப்பிட்டது. அந்த அறிவிப்பு வராமல் போயிருந்தால், ஓராண்டு கழித்து டிஸ்க் தெரியாமல் போனவர்களுக்கு நம் கடை மேசைகளில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன்.

2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில, பலகையோடு சேர்ந்து உப்பிக் கருகின. ராமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பை இயக்கியபோது சில பலகைகள் ப்ராசசரின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மேல் மின்னழுத்தம் தந்தன. அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் ஏ.எம்.டி. கட்டுப்படுத்தியது. புதிய பயாஸ்கள் அவசரமாக வந்தன. அந்தக் காக்கும் பயாஸை நிறுவினால் வாரண்டி போகலாம் என்ற எச்சரிக்கையையும் ஒரு பெரிய தயாரிப்பாளர் சேர்த்தே வெளியிட்டார். கூச்சல் எழுந்த பிறகுதான் விளக்கம் வந்தது. மருந்துச் சீட்டின் அடியிலேயே “இதைச் சாப்பிட்டால் நாங்கள் பொறுப்பல்ல” என்று எழுதும் மருத்துவரை நாம் என்னவென்று அழைப்போம்?

மூன்றாவது 2024-இல் நடந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்கள் நிலைகுலைந்தன. தொடக்கத்தில், மதர்போர்டு தயாரிப்பாளர்கள் பாதுகாப்பு வரம்புகளைத் தளர்த்தி வைத்ததே காரணம் என்பதுபோல் இன்டெல் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. ஜூலையில், தன் சொந்த மைக்ரோகோடு தவறான மின்னழுத்தத்தைக் கேட்டதை இன்டெல் ஒப்புக்கொண்டது. வாரண்டியை இரண்டாண்டு நீட்டித்தது. செப்டம்பரில் முழு விளக்கம் வந்தபோது, பலகைகளின் தாராளமான அமைப்புகளும் காரணங்களுள் ஒன்றாகவே இருந்தன. ஆக இருவரும் பங்காளிகள். இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், கணினி ஏன் அணைகிறது என்று புரியாமல் ராமை மாற்றி, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றி, விண்டோஸை மறுபடி மறுபடி நிறுவிக் காசையும் உறக்கத்தையும் தொலைத்தவர்களுக்கு எவரும் கணக்குத் தரவில்லை.

இனி நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் துறைக்காக 2021-இல் ஆசிரியர்கள் கைப்பணம் போட்டு மூன்று கணினிகளுக்குப் பாகங்கள் வாங்கினோம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் முன்னர் மாணவர்கள் பதிவுசெய்த தாலாட்டு, ஒப்பாரி ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது வேலை. பதினான்காம் மாதம் ஒரு பலகை மூச்சை நிறுத்தியது. வாரண்டி மூன்றாண்டு. பெயர் வேண்டாம், பெரிய நிறுவனம்தான். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மாட்டி, பெட்டியில் வைத்து, சென்னையிலுள்ள சேவை மையத்துக்குக் கூரியரில் அனுப்பினோம். பத்தொன்பது நாள் கழித்து அதே பலகை திரும்பி வந்தது. உடன் ஒரு தாள். அதில் மூன்றே எழுத்து: சி.ஐ.டி.

தமிழ்த் திரைப்படங்கள் பார்த்து வளர்ந்தவன் என்பதால், யாரோ துப்பறிவாளர் வந்து விசாரித்திருக்கிறார் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். விசாரணைக்கும் அந்த எழுத்துகளுக்கும் தொடர்பில்லை. வாடிக்கையாளர் விளைவித்த சேதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாம் அது. சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதாம். அனுப்பும் முன் மாணவர் ஒருவர் கைபேசியில் எடுத்த படத்தில் பின்கள் அனைத்தும் நெற்பயிர்போல் வரிசையாக நின்றன. படத்தை அனுப்பினோம். அது எப்போது எடுக்கப்பட்டது என்பதை உறுதிசெய்ய இயலாது என்று பதில் வந்தது. வளைந்தது கூரியரிலா, அவர்கள் மேசையிலா என்பதை மட்டும் அவர்களால் உறுதிசெய்ய முடிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது அவர்கள் எடுத்த படத்தைக் கேட்டோம். அப்படியொரு படம் இல்லை. அந்த மாணவர் படிப்பு முடித்துச் சென்றுவிட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிநாடாக்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. ஒலிநாடாவில் பூஞ்சை பிடிப்பதற்கு வாரண்டிக் காலம் ஏதும் கிடையாது.

இந்தப் பின்களின் வரலாற்றையும் வாசகர்கள் அறிய வேண்டும். முன்பு பின்கள் ப்ராசசரின் அடியில் இருந்தன. 2004-இல் எல்.ஜி.ஏ. 775 சாக்கெட்டோடு இன்டெல் அவற்றை மதர்போர்டுக்கு மாற்றியது. 2022-இல் ஏ.எம்.டி.யும் ஏ.எம்.5 வழியாக அதே வழிக்கு வந்தது. 2021-இல் வந்த எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில், பெயரே சொல்வதுபோல், 1700 தொடுமுனைகள். ஒவ்வொன்றும் மயிரிழை போன்ற கம்பி. தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கலாம். விளைவு ஒன்றுதான்: கணினியிலேயே மிக மென்மையான உறுப்பு பலகையின் நடுவே திறந்தவெளியில் வந்து அமர்ந்தது. அங்கு நேரும் சேதம் மட்டும் வாடிக்கையாளர் கணக்கில் சேர்ந்தது. எளிதில் முறியும்படி செய்துவிட்டு, முறிந்தால் வாங்கியவர் பொறுப்பு என்று எழுதிவைப்பது நீதியாகுமா?

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரணையின்றித் தண்டனை நிறைவேறிவிடுகிறது. கண்ணகி அரசவைக்கு வந்து செய்ததெல்லாம் ஒன்றே: சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் வழக்கு. பாண்டியனுக்காவது உண்மை தெரிந்ததும் உயிர் பிரிந்தது. நம் சேவை மையங்களில் உண்மை தெரிவதற்கான ஏற்பாடே இல்லை.

மதர்போர்டு ஒன்று செத்தால் சாவது அது மட்டுமன்று என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். இன்டெல் சாக்கெட்டுகளின் வரிசையைப் பாருங்கள்: 2011-இல் 1155, 2013-இல் 1150, 2015-இல் 1151, 2020-இல் 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851. 2017-இல் நடந்தது இன்னும் விந்தை. அதே 1151 என்ற எண், அதே வடிவம்; ஆனால் புதிய ப்ராசசர் பழைய பலகையில் வேலை செய்யாது. நான்காம் ஆண்டில் பலகை செத்தால் அதற்கேற்ற புதிய பலகை கடையில் இருக்காது. ப்ராசசர் நன்றாகவே இருக்கும். ஆனால் அமர இடமில்லாமல் அநாதையாகிவிடும். ராமும் அவ்வாறே. சில ஆயிரம் ரூபாய்ப் பலகை, அதைவிட இருமடங்கு விலையுள்ளவற்றையும் உடன்கட்டை ஏற்றுகிறது. ஏ.எம்.டி. தன் ஏ.எம்.4 சாக்கெட்டைப் பல தலைமுறைகளுக்குத் தாக்குப்பிடிக்க வைத்திருப்பதால், வேறு வழியே இல்லை என்ற சமாதானமும் எடுபடாது.

பழுதுபார்க்கலாமே என்பீர்கள். ஊருக்கு ஊர் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பலகையிலிருந்து மாஸ்ஃபெட்டைச் சூடுகாட்டிப் பெயர்த்துப் புதிய பலகையில் பொருத்தும் இந்தக் கைவினைஞர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. அவர்கள் இருட்டில் வேலை செய்கிறார்கள். பலகையின் மின்சுற்று வரைபடம் அவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. எங்கிருந்தோ கசிந்த கோப்புகளைத் தேடிப்பிடித்துப் பழுது பார்க்கிறார்கள். சட்டப்படி விற்ற பொருளைச் சீர்செய்ய ஒருவர் கள்ளத்தனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981-இல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதற்கான தொழில்நுட்பக் கையேட்டில் பலகையின் மின்சுற்று வரைபடங்களும் பயாஸின் மூலநிரலும் அச்சாகியிருந்தன. விலை கொடுத்து எவரும் வாங்கிப் படிக்கலாம். அந்தத் திறந்த மனத்தின் நிழலில்தான் பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கணினி அமைக்கும் மரபே வளர்ந்தது. இன்று மதர்போர்டு விற்றுப் பிழைக்கும் நிறுவனங்கள் யாவும் அம்மரபின் பிள்ளைகள். தாம் ஏறிவந்த ஏணியை அவர்கள் இப்போது மாடியில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லாபம் மிகக் குறைவான தொழில் இது, வெளிப்படைத்தன்மையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று மறுப்பவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் டிஜிடெக் கேலக்ஸஸ் என்ற விற்பனை நிறுவனம், தான் விற்கும் பிராண்டுகளில் எத்தனை சதவீதம் வாரண்டிக்குத் திரும்புகிறது என்பதை 2023 முதல் பொதுவில் காட்டிவருகிறது. வானம் இடிந்து விழவில்லை. ஒரு கடையால் முடிந்தது தயாரிப்பாளரால் முடியாதா? முடியும். மனம்தான் இல்லை. மடிக்கணினி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று யோசனை சொல்பவர்களுக்கும் ஒரு சொல்: மடிக்கணினிக்குள்ளும் மதர்போர்டுதான் இருக்கிறது. பல மாடல்களில் ப்ராசசரும் ராமும் அதோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. நோயிலிருந்து தப்ப நோயாளியோடு ஒரே போர்வையில் படுப்பது போன்றது அது.

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பலகையைப் பெறும்போதே சாக்கெட்டைத் திறந்து படமெடுத்து, அந்தப் படத்தின் பிரதியை வாடிக்கையாளரிடம் தர வேண்டும். வாரண்டியை மறுத்தால் எந்த உறுப்பு, எந்தச் சோதனையில், எவ்வாறு கெட்டிருந்தது என்பதை எழுத்தில் தர வேண்டும். மூன்றெழுத்துச் சுருக்கம் செல்லாது. ஒவ்வொரு மாடலும் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உற்பத்தி நின்ற மாடல்களின் மின்சுற்று வரைபடங்களைப் பழுதுபார்ப்போருக்குத் திறந்துவிட வேண்டும். இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலும் திறந்தது. அந்த முயற்சிக்கு உயிர் கொடுக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில்லைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பலகையை ஒப்படைக்கும்போது அவர்கள் கண்முன்னே சாக்கெட்டைப் படமெடுங்கள். அதைப் பெற்றுக்கொண்டதற்கான தாளில் “பின்கள் நேராக உள்ளன” என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுப்பவர் எதற்கு அஞ்சுகிறார் என்பதை நீங்களும் அவரும் அந்தக் கணமே அறிந்துகொள்வீர்கள். எங்கள் துறையின் முறையீட்டையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு பலகையின் விலைக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஒரு கால் சிலம்புக்காகத்தானே அத்தனையும் நடந்தது என்றேன்.